குறைந்தது அறுபது ஆண்டுகள் பழமையான புதிய சோபா

கதவு எண் வழங்கும் துறைக்கு வருகிற பொதுமக்கள் உட்கார இருக்கை வேண்டும் என்ற கோரிக்கை, அத்துறையின் தீவிரப் பரிசீலனையில் இருந்தது. பதினோரு ஆண்டுகளாக இருந்தது. தீவிரம் ஒரு நாளும் குறைந்ததில்லை.

ஒரு வீட்டுக்குக் கதவு எண் இல்லையென்றால் தண்ணீர் இணைப்பு இல்லை, மின்சாரம் இல்லை, தபால் இல்லை. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அந்த வீடே இல்லை. அதனால் நாளொன்றுக்கு நூற்றைம்பது பேராவது வந்து நிற்பார்கள். புதிதாக வீடு கட்டியவர்கள், ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள், கிடைத்த எண் இன்னொருவருக்கும் கிடைத்துவிட்டதால் திரும்பி வந்தவர்கள். காத்திருப்புக் கூடத்தில் ஒரே ஒரு பெஞ்சு இருந்தது. அதில் துறையின் பழைய கோப்புகள் உட்கார்ந்திருந்தன. மக்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். வருடக்கணக்காகச் சாய்ந்ததில் தோள் உயரத்துக்கு ஓர் அழுக்குப் பட்டை கூடத்தைச் சுற்றி ஓடியது. வெள்ளையடிக்க வந்த பெயிண்டர் அதை பார்டர் என்று நினைத்து, அதற்கு மேலேயும் கீழேயும் மட்டும் அடித்துவிட்டுப் போனார்.

அங்கே அதிக காலம் நின்றவர் ஒரு தையல்காரம்மா. அவர் வீட்டு எண் பதினான்கு. துறையின் கருணையால் எதிர்வீட்டு எண்ணும் பதினான்கு. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் பாதிப் பேர் எதிர்வீட்டில் துணியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுக்காரி ஆரம்பத்தில் ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்புறம் அவளே ஒரு மிஷின் வாங்கிவிட்டாள். எண்ணை மாற்றித் தரச் சொல்லித் தையல்காரம்மா பதினான்கு மாதமாக வந்துகொண்டிருந்தார். நின்று நின்று அவர் கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன.

"ஒரு நாற்காலி போட்டா உங்க ஆபீஸ் குறைஞ்சா போயிடும்?" என்று தினமும் ஒரு தடவை சத்தம் போடுவார். டோக்கன் கொடுக்கிற கடைநிலை ஊழியர், ஐம்பத்திரண்டு வயதுக்காரர், எல்லோருக்கும் டோக்கன்காரர்தான், "பரிசீலனையில இருக்கும்மா" என்று தினமும் ஒரு தடவை பதில் சொல்வார்.

பன்னிரண்டாம் ஆண்டு கோரிக்கை ஏற்கப்பட்டது. நாற்பது இரும்பு நாற்காலிகள் வாங்க நிதி ஒதுக்கி உத்தரவு வந்தது. உத்தரவு வந்த அதே வாரம் புதிய இயக்குநரும் வந்தார். இரண்டும் தனித்தனியாக வந்திருந்தால் நாற்காலி வந்திருக்கும்.

கொள்முதல் பிரிவின் கண்காணிப்பாளரை அலுவலகத்தில் எல்லோரும் ரூல் அக்கா என்பார்கள். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். விதித்தொகுப்பு அவருக்கு மனப்பாடம். இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஒரு குண்டூசிப் பெட்டிகூட மூன்று விலைப்புள்ளி இல்லாமல் அவர் மேசையைத் தாண்டியதில்லை. லஞ்சம் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. அப்படிப்பட்டவருக்கும் ஒரு ஆசை இருந்தது. கணவர் வேலை பார்க்கிற ஊர் ரயிலில் ஏழு மணி நேரம். பத்து வயது மகள் அப்பாவோடு இருந்து படிக்கிறாள். ரூல் அக்கா மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்வருவார். போன தடவை வீட்டுக்குள் கால் வைத்ததும் மகள் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, நீ எப்போ கிளம்பறே?" என்பது. ஆசையாகத்தான் கேட்டாள். அதுதான் ரூல் அக்காவைத் திரும்பும் ரயிலில் தூங்க விடவில்லை.

அந்த ஊருக்கு மாறுதல் கேட்ட மனு நான்கு வருடமாக இயக்குநர் மேசையில் இருந்தது. மூன்று இயக்குநர்கள் மாறிப் போனார்கள். மனு மட்டும் மாறுதல் இல்லாமல் அங்கேயே இருந்தது.

புதிய இயக்குநருக்கு ஒரு சகலை இருந்தார். டயர் வியாபாரி. போன மாதம் அவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, கூடத்தின் நடுவில் குச்சிக் கால்களோடு ஒரு சோபா தனியாக நின்றது. இயக்குநர் அதில் உட்காரப் போனார். சகலை ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"அண்ணே, அண்ணே, அதுல வேணாம். அது மிட் செஞ்சுரி."

இயக்குநருக்கு அது என்னவென்று தெரியவில்லை. ஏதாவது தொற்றுவியாதியாக இருக்குமோ என்று பட்டென்று நிமிர்ந்துவிட்டார். அவருக்குச் சாப்பாட்டு அறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். விருந்து முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சோபாவின் பெருமையைக் கேட்டார். திரும்பும்போது காரில் மனைவி ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: "என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு இருக்கிற ரசனையைப் பாத்தீங்களா..." அதையும் முடிக்கவில்லை. அதன்பிறகு ஒரு மாதமாக வேறு வாக்கியமும் ஆரம்பிக்கவில்லை.

டயர் விற்கிறவனிடம் ரசனை இருப்பதைப் பொறுத்துக்கொள்வது எந்த அதிகாரிக்கும் கஷ்டம். அதே சமயம் சொந்தப் பணத்தில் எதையும் வாங்கி இயக்குநருக்குப் பழக்கமில்லை. ரூல் அக்காவைக் கூப்பிட்டார்.

"அந்த நாற்பது நாற்காலி வேணாம். அதே நிதியில ஒரு சோபா வாங்குங்க. மிட் செஞ்சுரி மாடர்ன், விண்டேஜ், டிசைனர்."

ரூல் அக்கா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். "அப்படின்னா என்ன சார்?"

"போன நூற்றாண்டு நடுவுல வந்த மாடர்ன்."

"அப்போ இப்போ பழசுதானே சார்?"

"பழசானதாலதான் மாடர்ன். புதுசா இருந்தப்போ அதுவும் சாதாரண சோபாதான்."

"தினமும் நூத்தம்பது பேர் வராங்க சார். ஒரு சோபால மூணு பேர்தான்..."

"மூணு பேரா?" இயக்குநர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஒருத்தர்கூட உட்காரக் கூடாது. அது உட்கார்ற பொருள் இல்லம்மா, பாக்கற பொருள். வரிசையில நிக்கறவனுக்குப் பாக்க ஒண்ணும் இல்ல. அதனாலதான் அவனுக்குக் கால் வலி தெரியுது."

இயக்குநர் ஒரு கோப்பை இழுத்து மேலே வைத்தார்.

"உங்க மாறுதல் மனுவைக் கனிவோட பாத்தேன். சோபா இந்த ஆபீஸ்ல பணிக்கு... அதாவது பயன்பாட்டுக்கு வர்ற அன்னைக்கே கையெழுத்து."

ரூல் அக்கா தன் இடத்துக்கு வந்து விதித்தொகுப்பைத் திறந்தார். மனப்பாடமாகத் தெரிந்ததைப் புத்தகத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். விதி ஒன்பது: துறைக்கு வாங்கப்படும் பொருள் புதியதாக இருத்தல் வேண்டும். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். புதியது என்றால் யாருக்குப் புதியது என்று விதியில் சொல்லவில்லை. குறிப்பு எழுதினார்: "இத்துறைக்கு இதுவரை வராத பொருள் இத்துறைக்குப் புதியதே ஆகும்." எழுதும்போது எதையோ திருடுகிற மாதிரி இருந்தது. எழுதி முடித்தபின் அப்படித் தோன்றவில்லை. அதுதான் அவருக்கு அதிசயமாக இருந்தது.

மறுவாரம் செய்தித்தாளில் விளம்பரம் வந்தது: "குறைந்தது அறுபது ஆண்டுகள் பழமையான புதிய சோபா ஒன்று தேவை." பத்திரிகை அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை போன் செய்து, அச்சுப்பிழையா என்று கேட்டார்கள். இல்லை, அரசு விளம்பரம் என்றதும் சமாதானமாகிவிட்டார்கள்.

மூன்று விலைப்புள்ளிகள் வந்தன. குறைந்த விலைக்காரரின் கடைக்கு ரூல் அக்கா டோக்கன்காரரைக் கூட்டிக்கொண்டு ஆய்வுக்குப் போனார். முன்பு லாரி பட்டறையாக இருந்த இடம். தரையில் இருந்த கிரீஸ் கறையைக்கூட அழிக்காமல், அதன்மேல் ஒரு சின்ன விளக்குப் போட்டு வைத்திருந்தார் கடைக்காரர். வட்டக் கண்ணாடி, கசங்கிய கதர்ச் சட்டை. அந்தக் கசங்கலும் இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தது மாதிரி இருந்தது.

சோபா மூலையில் நின்றது. தேக்குச் சட்டம். கீழே போகப்போக மெலிகிற நான்கு கால்கள். கடுகு மஞ்சள் துணி. கைப்பிடியில் யாரோ எந்தக் காலத்திலோ வைத்த டம்ளரின் வட்டத் தடம். டோக்கன்காரர் காலையிலிருந்து நின்றவர், "அப்பாடா" என்று உட்காரப் போனார்.

"ஐயய்யோ! உட்காராதீங்க!" கடைக்காரர் குறுக்கே பாய்ந்தார்.

"சோபாதானே சார்?"

"ஒரு காலத்துல சோபா. இப்போ டிசைன்."

ரூல் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றிவந்து பார்த்தார். "இங்க கீறல் இருக்கு. இங்க டம்ளர் கறை. துணி நூல் விட்டிருக்கு."

"சரியாக் கவனிச்சீங்க மேடம். கீறலுக்குத் தனி விலை, கறைக்குத் தனி விலை. ரெண்டும் இல்லாதது அதோ இருக்கு, பாதி விலைக்குத் தரேன். மானமுள்ளவங்க யாரும் வாங்க மாட்டாங்க."

"இதைச் செஞ்சவர் யாரு?"

"வெளிநாட்டுக்காரர். பெரிய மேதை. செத்துட்டார்."

"அடப் பாவமே," என்றார் டோக்கன்காரர்.

"பாவம் ஒண்ணும் இல்ல. செத்ததாலதான் இந்த விலை. உயிரோட இருந்தா இன்னும் நாலு செஞ்சு கெடுத்திருப்பார்."

"உற்பத்தியாளரோட மூணு வருஷ உத்தரவாதம் வேணும். விதி பதினேழு," என்றார் ரூல் அக்கா.

கடைக்காரர் முதல்முறையாக யோசித்தார். "செத்தவர்கிட்ட எப்படி மேடம் வாங்கறது? நானே தரேன். எதுக்கு உத்தரவாதம்?"

"பொருளோட தன்மை மாறாதுன்னு."

கடைக்காரர் ஒரு தாளை எடுத்து மடமடவென்று எழுதி முத்திரை குத்தினார்: "மேற்படி சோபா மூன்று ஆண்டுகளுக்குள் புதிதாகிவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்." ரூல் அக்கா இரண்டு தடவை படித்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாங்கிக் கோப்பில் வைத்தார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தபோது கணக்கு அலுவலர் பேனாவை எடுத்தார். ஆட்சேபணை எழுதாத நாளில் அவருக்குத் தூக்கம் வராது. பணிவிதிகளில், "அறுபது வயது நிறைவடைந்தவர் பணியில் சேரவோ நீடிக்கவோ கூடாது" என்று ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன் அதைப் படியெடுத்த தட்டச்சர் "நிறைவடைந்தவர்" என்பதற்குப் பதிலாக "நிறைவடைந்தவை" என்று அடித்துவிட்டார். அன்றுமுதல் அந்தத் துறையில் ஊழியர்கள் எல்லோரும் அஃறிணையாகவே ஓய்வு பெற்று வந்தார்கள். யாரும் வித்தியாசம் உணரவில்லை. கணக்கு அலுவலர் மட்டும் உணர்ந்தார்.

"அறுபது வயசு ஆனதுக்குச் சான்று நீங்களே இணைச்சிருக்கீங்க. அறுபது ஆனது எதுவும் இங்க பணியில சேர முடியாது. கோப்பைத் திருப்பி அனுப்பறேன்."

ரூல் அக்கா அவர் முன்னால் நின்றார். நாற்காலி போடுகிற பழக்கம் அந்த அறையிலும் இல்லை. மகள் வாசலில் நின்று கேட்ட கேள்வி காதில் ஓடியது.

"சார், ஓய்வு வயசு தாண்டினவங்களை ஆலோசகரா வெச்சுக்கலாம். விதி முப்பது. போன இயக்குநரே ரிட்டயராகி மறுநாள் ஆலோசகரா வரலையா?"

கணக்கு அலுவலர் விதி முப்பதைப் பார்த்தார். மேலே பார்த்தார். மறுபடி விதியைப் பார்த்தார். "ஆட்சேபணை இல்லை" என்று எழுதினார். சர்வீஸில் முதல் தடவை எழுதியதால் எழுத்துப்பிழை வந்தது.

இவ்வாறாக, தேக்குச் சட்டமும் கடுகு மஞ்சள் துணியும் கொண்ட மேற்படி சோபா, கதவு எண் வழங்கும் துறையின் மூத்த ஆலோசகராக ஒரு திங்கட்கிழமை முற்பகல் பத்து மணிக்குப் பணியில் சேர்ந்தது. நான்கு பேர் தூக்கிவந்தார்கள். இயக்குநர் வாசல்வரை வந்து வரவேற்றார்.

ஆலோசகரைக் காத்திருப்புக் கூடத்தில் நிறுத்த முடியாது. விதிப்படி அவருக்குத் தனி அறை, ஏசி, வாசலில் ஒரு ஆள். ஆகவே கூடத்தின் பாதியைப் பலகை வைத்து அடைத்து அறையாக்கினார்கள். நூற்றைம்பது பேரும் மீதிப் பாதியில் நின்றார்கள். டோக்கன்காரருக்கு வாசல் வேலையும் சேர்ந்தது. தினமும் காலையில் வருகைப் பதிவேட்டைச் சோபாவின் கைப்பிடியில் ஒரு நிமிடம் வைத்து எடுத்து, "வந்திருக்காங்க" என்று எழுதுவார்.

சகலையையும் அவர் மனைவியையும் இயக்குநர் ஒரு நாள் அலுவலகத்துக்கு வரவழைத்தார். டயர் வியாபாரி ஆலோசகர் அறைக் கதவைத் தள்ளப் போனார். டோக்கன்காரர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஐயா கோப்பு பாத்துக்கிட்டு இருக்காங்க. இப்போ முடியாது."

அன்று மாலை இயக்குநரின் மனைவி ஒரு முழு வாக்கியம் பேசினார். எட்டு வார்த்தைகள். இயக்குநர் எண்ணினார்.

அந்தச் சந்தோஷம் குறையும் முன்னே ரூல் அக்கா மாறுதல் மனுவோடு போனார்.

"தரமாட்டேன்னா சொன்னேன்?" என்றார் இயக்குநர். "ஆனா இப்போ ஒரு மூத்த ஆலோசகர் இருக்காங்க. அவங்களைக் கேக்காம நான் தனியா முடிவெடுத்தா நல்லா இருக்குமா? தப்பு நடந்தா யார் பொறுப்பு? நேத்துதான் சுற்றறிக்கை போட்டேன். இனிமே எல்லாக் கோப்பும் ஆலோசகர் வழியா. அவங்க முடிவுதான் இறுதி."

அழுகை வரப் பார்த்தது. அழுகை வருவதற்கு முன் விதி முப்பத்தொன்று வந்துவிட்டது: ஆலோசகருக்கு அனுப்பிய கோப்பின்மேல் மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்துமூலமான ஆட்சேபணை வராவிட்டால், ஒப்புதல் அளிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். இதுவரை இருந்த ஆலோசகர்கள் எல்லோரும் இரண்டரை நாள் தூங்கிவிட்டு மூன்றாம் நாள் மாலை ஆட்சேபணை எழுதினவர்கள். அதனால் அந்த விதியின் பின்பாதியை யாரும் பார்த்ததே இல்லை.

நேராக ஆலோசகர் அறைக்குப் போய்க் கோப்பைச் சோபாவின்மேல் வைத்தார். என்னவோ தோன்றி, வெளியே வந்து தையல்காரம்மாவின் கோப்பையும் தேடி எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்தார். தேதி முத்திரை குத்தினார்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் பிற்பகல் டோக்கன்காரர் மூச்சிரைக்க வந்தார்.

"அக்கா, ஐயா ஏதோ சொன்னாங்க."

ரூல் அக்கா எழுந்துவிட்டார். "என்ன சொன்னாங்க?"

"'டொய்ங்'ன்னாங்க. வலது பக்கத்துல இருந்து. உங்க கோப்பு இருக்கிற பக்கம்."

"எழுத்துமூலமா ஏதாவது?"

"இல்லக்கா. வாய்மொழியாத்தான்."

ரூல் அக்கா மறுபடி உட்கார்ந்தார். ஆனாலும் அன்று இரவு முழுக்க அந்த டொய்ங்குக்கு என்ன அர்த்தமாக இருக்கும் என்று யோசித்தார். மூன்றாம் நாள் மாலை ஐந்தேமுக்காலுக்கு உள்ளே போனார். கோப்பு வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நூற்றைம்பது பேர் மூச்சு விடுவது கேட்டது. ஆறு மணி அடித்ததும் "ஒப்புதல் அளிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது" என்ற முத்திரையை இரண்டு கோப்பிலும் குத்தினார்.

சொந்தச் சுற்றறிக்கைக்கு எதிராக இயக்குநரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாதக் கடைசியில் விடுவிக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டார். தையல்காரம்மாவுக்குப் பதினான்கு பார் ஒன்று என்று புது எண் கிடைத்தது. அவர் சந்தோஷத்தில் ஆலோசகர் அறை வாசலில் நின்று இரண்டு கையையும் கூப்பினார். "நல்ல மனுஷன். வாயே திறக்காம வேலையை முடிச்சுக் கொடுத்துட்டார்."

செய்தி பரவியது. எல்லாப் பிரிவுகளும் கோப்புகளைச் சோபாவின்மேல் கொண்டுபோய் அடுக்கின. மூன்று நாள், முத்திரை, அடுத்தது. பன்னிரண்டு வருடக் கோப்பெல்லாம் இரண்டு வாரத்தில் காலியானது. ஒரு குளத்துக்குக்கூடக் கதவு எண் கிடைத்துவிட்டது. மக்கள் பேச்சு மாறியது. "ஆலோசகர்கிட்ட தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று விசாரித்தார்கள். இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வாசலில் இரண்டு பேர் கிளம்பினார்கள்.

ஆண்டு மதிப்பீட்டுக்கு மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்தது. பதிவேடுகளைப் பார்த்தது. மூத்த ஆலோசகர்: வருகை நூறு சதவீதம். விடுப்பு இல்லை. நிலுவைக் கோப்பு இல்லை. பொதுமக்களிடம் கடுஞ்சொல் பேசியதாகப் புகார் இல்லை. கையூட்டுப் புகார் இல்லை. அலுவலக நேரத்தில் இருக்கையை விட்டு எழுந்துபோனதாகத் தகவல் இல்லை. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முப்பது வருடத்தில் இப்படி ஓர் அதிகாரியை அவர் பார்த்ததில்லை. சிறந்த அதிகாரி விருதுக்குப் பரிந்துரை செய்தார். பக்கத்து அறையில் இயக்குநர் இருந்தார். அவரைப் பற்றி எழுத இடம் போதவில்லை.

அடுத்த வாரம் அரசாணை வந்தது. எல்லா ஊர்களிலும், எல்லாத் துறைகளிலும், தலா ஒரு பழமையான, அறுபது வயது நிறைந்த சோபாவை ஆலோசகராக நியமிக்க வேண்டும். பொதுமக்களும் தங்கள் வீட்டுச் சோபாக்களுக்காக விண்ணப்பிக்கலாம். மாதச் சம்பளம் உரிமையாளருக்கு. விண்ணப்பிக்கும் சோபா நேரில் வர வேண்டும்.

ரூல் அக்கா விடுவிக்கப்பட்ட நாள் அன்றுதான் நேர்முகத் தேர்வு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர் படியிலேயே நின்றுவிட்டார். தெரு நீளத்துக்குச் சோபாக்கள். தள்ளுவண்டியில் வந்தவை, வேனில் வந்தவை, தலையில் வந்தவை. ஒரு வீட்டில் ஒன்றே ஒன்று இருந்ததால் அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போன மாதம் வாங்கிய சோபாவைக் கொண்டுவந்து, வரிசையில் நிற்கிற நேரத்தில் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சுடச்சுடத் தேநீர் டம்ளரைக் கைப்பிடியில் வைத்து வைத்து எடுத்தார். அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் முதல் தடவையாக, வந்திருந்த எல்லோருக்கும் இருக்கை இருந்தது. ஒருவரும் உட்காரவில்லை. வெயிலில், அவரவர் சோபாவுக்குப் பக்கத்தில் அவரவர் நின்றுகொண்டிருந்தார்கள்.

தையல்காரம்மாவும் நின்றார். இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, காலு இப்படி வீங்கியிருக்கே. உங்க சோபாதானே, உட்காரக் கூடாதா?" என்றார் ரூல் அக்கா.

"உட்கார்ந்தா பள்ளம் விழுந்துடும் மேடம். எதிர்வீட்டுக்காரி வேற ரெண்டு கொண்டுவந்திருக்கா. தேர்வு முடியட்டும்."

"உங்களுக்கு வேலை இல்லையா இன்னைக்கு?"

"இது கிடைச்சுட்டா நான் எதுக்கு மேடம் தைக்கணும்?"

ரூல் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊருக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டார். புத்தி தெளிவாக இருக்கிற ஒருத்தியாவது நல்ல நேரத்தில் இங்கிருந்து கிளம்புகிறாளே என்று தோன்றியது. பெட்டியை மாற்றிப் பிடித்தபோது போன் அடித்தது. கணவர்.

"கிளம்பிட்டியா?"

"கிளம்பிட்டேங்க." நான்கு வருடமாகச் சொல்லக் காத்திருந்த வார்த்தை. "ஆறு மணி வண்டி. பாப்பாகிட்ட சொல்லுங்க, இனிமே நான் திரும்பிப் போக மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன். வரும்போது அந்த ஆலோசகர் விண்ணப்பப் படிவம் ஒண்ணு எடுத்துட்டு வந்துடு. நீ சேரப்போற ஆபீஸ்லயே ஒரு இடம் காலியாம். நம்ம வீட்டுல எங்க அப்பா வாங்கிப்போட்டது ஒண்ணு கிடக்குதே."

"அதுக்கு நாற்பத்தெட்டு வயசுதாங்க ஆகுது."

"அதான் உன்கிட்ட சொல்றேன். வயசை எப்படிக் கூட்டிப் போடறதுன்னு உனக்குத் தெரியாத விதியா?"

"என்ன பேசறீங்க? யார்கிட்ட பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?" ரூல் அக்காவின் குரல் ஏறியது. வரிசையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடம் ஒரு குண்டூசிப் பெட்டிக்குக்கூட வளையாதவர். போனை வைக்கப் போனார். வைக்கவில்லை. சோபாவின் வயதை எந்தத் தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று விதியில் சொல்லவில்லை. செய்த தேதியா, மரம் நட்ட தேதியா?

"என்ன, லைன்ல இருக்கியா?" என்றார் கணவர்.

"இருக்கேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். "பாப்பா எங்கே?"

"இங்கதான் இருக்கா. நீ வரேன்னு குதிச்சுக்கிட்டு இருந்தா. இப்போ அதுல உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதறா."

"எதுல?"

"அதான், அந்தச் சோபால."

"ஐயய்யோ!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் ரூல் அக்கா. "முதல்ல அவளை எழுந்து நிக்கச் சொல்லுங்க!"